ரேண்டம் ஃபாரஸ்ட் ரிக்ரஷனில் சராசரி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரேண்டம் ஃபாரஸ்ட் என்பது, கேள்வி மேல் கேள்வி கேட்டு டேட்டாவைப் பிரித்துப் பதில் சொல்லும் பல மரங்களை வளர்த்து, அவற்றின் பதில்களைச் சேர்த்து ஒரே கணிப்பு தரும் முறை. மரங்கள் சேர்ந்தது காடு; விலை போன்ற ஓர் எண்ணைக் கணிப்பது ரிக்ரஷன். இந்தப் பாடத்தை ஒரு மணி நேரத்தில் நடத்தி முடித்துவிடலாம். "மரங்கள் சொல்வதைக் கூட்டி, மரங்களின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும்" என்ற வரியை எல்லோரும் தலையாட்டியபடி எழுதிக்கொள்வார்கள். சந்தேகங்கள் கிளம்புவது அடுத்த வாரம், அவரவர் ஒரு டேட்டாவை எடுத்து ஓட்டிப் பார்த்த பிறகு. வருடா வருடம் வேறு வேறு ஆட்கள் வந்தாலும் கேள்விகள் பெரும்பாலும் இவைதான். கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே எழுதியிருக்கிறேன்.

எடுத்துக்காட்டுக்குக் கலிஃபோர்னியா வீட்டு விலை டேட்டாவை எடுத்துக்கொள்கிறேன். 1990-ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலிருந்து தொகுத்தது. மொத்தம் 20,640 வரிசைகள், ஒவ்வொரு வரிசையும் ஒரு சிறு வட்டாரம். வருமானம், வீடுகளின் வயது, அறைகள், படுக்கையறைகள், மக்கள்தொகை, ஒரு வீட்டுக்கு எத்தனை பேர், அட்சரேகை, தீர்க்கரேகை என 8 ஃபீச்சர்கள், அதாவது கணிக்க உதவும் விவரங்கள். கணிக்க வேண்டியது அந்த வட்டாரத்தின் இடைநிலை வீட்டு விலை (விலைகளை அடுக்கினால் நடுவில் நிற்பது). அலகு லட்சம் டாலர் என்பதால் நமக்குப் படிக்க வசதி: 2.4 என்றால் 2 லட்சத்து 40 ஆயிரம் டாலர்.

நூறு மரம் நூறு பதில் சொல்லுது. கடைசியில கம்ப்யூட்டர் எதை எடுத்துத் தருது?

எதையும் தேர்ந்தெடுப்பதில்லை. எல்லாவற்றையும் கூட்டி வகுக்கிறது, அவ்வளவுதான். ஒரு வட்டாரத்துக்கு ஐந்து மரங்கள் 2.1, 2.6, 1.8, 3.0, 2.5 என்று சொன்னால் கூட்டுத்தொகை 12.0, ஐந்தால் வகுத்தால் 2.4. காட்டின் கணிப்பு அதுதான். (இந்த ஐந்து எண்களும் கணக்கு எளிதாக வர நான் எழுதியவை. கீழேயும் இவற்றையே பயன்படுத்துவேன்.)

இதை ஒருமுறையாவது கண்ணால் பாருங்கள். பைத்தான் மொழியின் சைக்கிட்-லேர்ன் தொகுப்பில் மாடலைப் பழக்கியதும் உள்ளே இருக்கும் மரங்கள் ஒரு பட்டியலாகக் கிடைக்கும். ஒரே ஒரு வரிசையை எடுத்து ஒவ்வொரு மரத்திடமும் தனித்தனியாகக் கணிப்பு கேளுங்கள். வரும் நூறு எண்களைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கி, கையாலேயே சராசரி எடுத்து, காடு தந்த எண்ணோடு ஒப்பிடுங்கள். கடைசித் தசமங்கள் வரை ஒத்துப்போகும். இதைச் செய்து பார்த்தவர்கள் இந்தப் பக்கத்தின் பாதிக் கேள்விகளைக் கேட்பதில்லை.

அந்த ஒரு மரம் 2.1-ங்கிற எண்ணை எங்கிருந்து எடுக்குது? ஃபார்முலா ஏதாவது இருக்கா?

ஃபார்முலா இல்லை. அங்கேயும் ஒரு சராசரிதான். "வருமானம் இவ்வளவுக்குக் குறைவா? கடற்கரைப் பக்கமா?" என்ற மாதிரிக் கேள்விகளால் மரம் டேட்டாவைப் பிரித்துக்கொண்டே போகும். பிரித்த இரண்டு பக்கமும் வர்க்கப் பிழை (கணிப்புக்கும் உண்மைக்கும் உள்ள வித்தியாசத்தின் வர்க்கம்) எவ்வளவு குறைகிறது என்பதைப் பார்த்துத்தான் ஒவ்வொரு கேள்வியையும் அது தேர்ந்தெடுக்கிறது. கடைசியில் ஒவ்வொரு இலையிலும், அதாவது மேற்கொண்டு பிரியாத முனையிலும், சில வரிசைகள் தங்கும். அவற்றின் விலைகளின் சராசரியே அந்த இலையின் பதில். வர்க்கப் பிழையை மிகக் குறைவாக்கும் ஒற்றை எண் எது என்று கேட்டால் விடை சராசரிதான், அதனால்தான் இலையில் சராசரி உட்கார்ந்திருக்கிறது.

ஆக, இங்கே சராசரி இரண்டு படியாக நடக்கிறது: முதலில் இலைக்குள், பிறகு மரங்களுக்கிடையே. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதுதான் பின்னால் வரும் பல சந்தேகங்களுக்கு வேர்.

உண்மையான விலை 2.5-னு வைங்க. அஞ்சாவது மரம் கரெக்டா சொல்லிருச்சே! அதை மட்டும் வச்சுக்கிட்டு மத்ததை விட்டுடலாமே?

விடை தெரிந்த பிறகு கேட்கும் கேள்வி இது. புது வட்டாரத்துக்கு விடை தெரியாது. அங்கே சரியாகச் சொல்லப்போவது ஐந்தாவது மரமா, முதல் மரமா என்று முன்கூட்டியே காட்டும் அடையாளம் எதுவும் இல்லை. இந்த வட்டாரத்தில் மூக்கில் குத்தினாற்போல் சொன்ன மரம் அடுத்த வட்டாரத்தில் 1.0 தள்ளிச் சொல்லும். எல்லா மரங்களும் ஒரே முறையில், தற்செயலை மட்டும் மாற்றி வளர்த்தவை.

தப்பான பதில்களைக் கூட்டி வகுத்தா தப்பான பதில்தானே வரணும்? சரியான பதிலுக்குப் பக்கத்துல எப்படி வருது?

தப்புகள் எல்லாம் ஒரே திசையில் இருந்தால் நீங்கள் சொல்வதுதான் நடக்கும். இங்கே சில மரங்கள் கூடுதலாகவும் சில குறைவாகவும் சொல்கின்றன, அதனால் ஒன்றையொன்று அடித்துக்கொள்கின்றன. நம் ஐந்து எண்களிலேயே பாருங்கள். உண்மை 2.5 என்றால் பிழைகள் −0.4, +0.1, −0.7, +0.5, 0. இவற்றின் வர்க்கங்களின் சராசரி 0.182. காட்டின் கணிப்பு 2.4, அதன் பிழை −0.1, வர்க்கம் 0.01. சராசரியாக ஒரு மரம் செய்யும் வர்க்கப் பிழையில் ஏறக்குறைய பதினெட்டில் ஒரு பங்குதான் காடு செய்கிறது.

மீதி 0.172 எங்கே போனது? ஐந்து எண்களும் அவற்றின் சராசரியான 2.4-இலிருந்து எவ்வளவு விலகியிருக்கின்றன என்று பாருங்கள்: −0.3, +0.2, −0.6, +0.6, +0.1. இந்த விலக்கங்களின் வர்க்கச் சராசரி சரியாக 0.172. இது தற்செயல் அல்ல, எந்த ஐந்து எண்களை எழுதினாலும் வரும் சமன்பாடு: காட்டின் வர்க்கப் பிழை என்பது மரங்களின் சராசரி வர்க்கப் பிழையிலிருந்து மரங்களுக்குள் இருக்கும் கருத்து வேறுபாட்டைக் கழித்தது. 1995-இல் கிராக், வெடெல்ஸ்பி என்ற ஆய்வாளர்கள் இருவரும் இதை நியூரல் நெட்வொர்க்குகளுக்காக எழுதிக் காட்டினார்கள். மரங்களுக்கும் அப்படியே பொருந்தும்.

இதை ஒரு தாளில் போட்டுப் பாருங்கள் என்று எல்லோரிடமும் கெஞ்சாத குறையாகச் சொல்கிறேன். மரங்கள் முரண்படுவது குறை இல்லை. நமக்கு லாபம் வருவதே அந்த முரண்பாட்டிலிருந்துதான்.

எல்லா மரமும் ஒரே டேட்டாவுலதானே வளருது, அப்புறம் எப்படி வேற வேற பதில் சொல்லும்?

இரண்டு வழிகளில் வேண்டுமென்றே வேறுபடுத்துகிறோம். முதல் வழி பூட்ஸ்ட்ராப். 16,512 வரிசைகள் பழக்குவதற்கு இருந்தால் (மொத்தத்தில் 80 விழுக்காடு), ஒவ்வொரு மரத்துக்கும் அதே 16,512 சீட்டுகளை, எடுத்த சீட்டைத் திரும்பப் போட்டுவிட்டுக் குலுக்கி எடுக்கிறோம். சில வரிசைகள் இரண்டு மூன்று தடவை வரும். சில வரவே வராது. ஒரு மரத்துக்குள் வரும் தனி வரிசைகள் சுமார் 63.2 விழுக்காடு, வெளியே நிற்பவை 36.8 விழுக்காடு. இந்த 36.8-ஐ நினைவில் வையுங்கள், பிறகு வேலைக்கு வரும். இப்படி மரங்களை வளர்த்துச் சராசரி எடுப்பதற்குப் புள்ளியியலாளர் லியோ பிரைமன் 1996-இல் பேகிங் என்று பெயர் வைத்தார்.

இரண்டாவது வழி, ஒவ்வொரு கிளை பிரியும் இடத்திலும் எல்லா ஃபீச்சரையும் காட்டாமல் சிலவற்றை மட்டும் குலுக்கி எடுத்துக் காட்டுவது. கலிஃபோர்னியா டேட்டாவில் வருமானம் மிக வலுவான ஃபீச்சர். எட்டையும் காட்டினால் ஏறத்தாழ எல்லா மரங்களும் வருமானத்தை வைத்தே முதல் கிளையைப் பிரிக்கும், மேல்பாதி ஒரே அச்சாக வந்துவிடும். வருமானத்தைச் சில இடங்களில் மறைத்தால்தான் வீட்டின் வயதுக்கும் அட்சரேகைக்கும் வாய்ப்புக் கிடைக்கும். ஃபீச்சர்களைக் குலுக்கும் யோசனையை 1990-களின் பிற்பகுதியில் டின் காம் ஹோ மரங்களுக்குக் கொண்டுவந்தார். பிரைமன் 2001-இல் இரண்டையும் சேர்த்து, இன்று நாம் ரேண்டம் ஃபாரஸ்ட் என்று சொல்லும் வடிவத்தைத் தந்தார்.

மரத்தை ஆயிரம், பத்தாயிரம்னு ஏத்திக்கிட்டே போனா இன்னும் நல்லா வருமா? இல்ல ஓவர்ஃபிட் ஆயிடுமா?

மரங்களின் எண்ணிக்கையைக் கூட்டுவதால் ஓவர்ஃபிட் ஆகாது, அதாவது பழக்கிய டேட்டாவை மனப்பாடம் செய்து புது டேட்டாவில் சறுக்குவது இதனால் வராது. ஆனால் ஓர் எல்லைக்குப் பிறகு பயனும் இருக்காது. காரணம் இந்த வாய்பாட்டில் இருக்கிறது:

காட்டின் சிதறல் = (ஒட்டுறவு × ஒரு மரத்தின் சிதறல்) + ((1 − ஒட்டுறவு) × ஒரு மரத்தின் சிதறல் ÷ மரங்களின் எண்ணிக்கை)

சிதறல் என்று நான் சொல்வது பள்ளிப் புத்தகத்தின் விலக்க வர்க்கச் சராசரியை. ஒட்டுறவு என்பது மரங்களின் பதில்கள் எந்த அளவுக்குச் சேர்ந்தே ஏறி இறங்குகின்றன என்பதை. ஒரு மரத்தின் சிதறல் 0.5, மரங்களுக்கிடையே ஒட்டுறவு 0.4 என்று வைத்துக்கொள்வோம். 10 மரங்களுக்குக் காட்டின் சிதறல் 0.23. 100 மரங்களுக்கு 0.203. 500 மரங்களுக்கு 0.2006. எத்தனை கோடி மரம் நட்டாலும் 0.2-க்குக் கீழே போகாது. இரண்டாவது துண்டு மட்டும்தான் மரங்களின் எண்ணிக்கையால் கரைகிறது. முதல் துண்டு பாறை மாதிரி அப்படியே நிற்கும்.

அந்தப் பாறையை உடைக்க ஒட்டுறவைக் குறைக்க வேண்டும். அதே கணக்கில் ஒட்டுறவு 0.2 ஆனால் 100 மரங்களுக்குச் சிதறல் 0.104. 100-ஐ 10,000 ஆக்கி இரவெல்லாம் ஓட்டுவதைவிட, கிளைக்குக் காட்டும் ஃபீச்சர்களின் எண்ணிக்கையை மாற்றிப் பார்ப்பது பல நேரம் பலன் தரும். ஃபீச்சர்களை மிகவும் குறைத்தால் ஒவ்வொரு மரமும் பலவீனமாகிப்போகும், அதனால் 2, 3, 4 என்று வைத்து ஒப்பிட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும்.

ஒரே டேட்டா, ரெண்டுமே ரேண்டம் ஃபாரஸ்ட். பைத்தான்ல ஒண்ணு வருது, ஆர்-ல ஒண்ணு வருது. எது சரி?

இரண்டும் சரி, நீங்கள் ஓட்டியது ஒரே மாடல் இல்லை. சைக்கிட்-லேர்னில் ரிக்ரஷன் காட்டுக்கு, நீங்கள் எதையும் மாற்றாவிட்டால் ஒவ்வொரு கிளையிலும் எல்லா ஃபீச்சர்களும் தெரியும், இலையில் ஒரே வரிசை நிற்கும் வரை மரம் வளரும், மரங்கள் 100 (0.22 பதிப்புக்கு முன் வெறும் 10). ஆர் மொழியின் ரேண்டம்ஃபாரஸ்ட் தொகுப்பில் மூன்றில் ஒரு பங்கு ஃபீச்சர்கள்தான் தெரியும், இலை அளவு 5, மரங்கள் 500. எட்டு ஃபீச்சர் உள்ள நம் டேட்டாவில் பைத்தான் மரம் ஒவ்வொரு கிளையிலும் எட்டையும் பார்க்கிறது, ஆர் மரம் இரண்டை மட்டும் பார்க்கிறது.

முந்தைய பதில்களோடு சேர்த்துப் பாருங்கள்: மரங்களை வேறுபடுத்தும் இரண்டு வழிகளில் ஒன்றைப் பைத்தான் தொடக்க அமைப்பிலேயே அணைத்து வைத்திருக்கிறது. அது வெறும் பேகிங். என் வழக்கம், ரிக்ரஷன் காடு என்றால் முதல் வேலையாக இந்த ஒரு அமைப்பைக் கையால் எழுதிவிடுவது. ஒப்பிடுவதற்கு முன் இரண்டு பக்கமும் ஒரே அமைப்பு வையுங்கள்.

ட்ரெய்னிங் டேட்டாவுல ஆர்-ஸ்கொயர் 0.97, டெஸ்ட்ல 0.80. என் மாடல் ஓவர்ஃபிட் ஆயிடுச்சா சார்?

இல்லை. எனக்கு அதிகம் வரும் கேள்வி இதுதான், பதறிப்போய்க் கேட்பார்கள். கலிஃபோர்னியா டேட்டாவைத் தொடக்க அமைப்பில் ஓட்டும் எவருக்கும் ஏறத்தாழ இதே இரண்டு எண்கள்தான் வரும்.

36.8-ஐ நினைவில் வைக்கச் சொன்னேன் அல்லவா? பழக்கிய ஒரு வரிசையைத் திரும்பக் காட்டிக் கணிப்பு கேட்கிறீர்கள். சுமார் 63 விழுக்காடு மரங்கள் அந்த வரிசையை ஏற்கெனவே பார்த்தவை, கடைசி வரை வளர்ந்தவை. அவற்றின் இலையில் அந்த வரிசையின் சொந்த விலையே உட்கார்ந்திருக்கும், அதை அப்படியே ஒப்பிக்கும். உண்மையாகக் கணிப்பவை மீதி 37 விழுக்காடு மரங்கள் மட்டுமே. எனவே காட்டின் பிழை, உண்மையான பிழையில் 0.368 பங்காகத் தெரியும். வர்க்கப் பிழை 0.368-இன் வர்க்கம், அதாவது 0.135 பங்கு. ஆர்-ஸ்கொயர் என்பது விலை வேறுபாட்டில் மாடல் விளக்கும் பங்கு. டெஸ்டில், அதாவது பழக்காமல் ஒதுக்கிய வரிசைகளில், விளக்காமல் விட்டது 0.20. அதை 0.135-ஆல் பெருக்கினால் 0.027. ஒன்றிலிருந்து கழித்தால் 0.97. உங்கள் எண் எங்கிருந்து வந்தது என்று பார்த்தீர்களா? அந்த 0.97 உங்கள் மாடலைப் பற்றி எதுவும் சொல்லவில்லை, பூட்ஸ்ட்ராப்பைப் பற்றிச் சொல்கிறது.

பழக்கிய வரிசைகளிலேயே நேர்மையான மதிப்பீடு வேண்டுமென்றால், ஒவ்வொரு வரிசைக்கும் அதைப் பார்க்காத மரங்களை மட்டும் சேர்த்துச் சராசரி எடுக்க வேண்டும். இதற்கு அவுட்-ஆஃப்-பேக் கணிப்பு என்று பெயர். 100 மரம் நட்டிருந்தால் ஒரு வரிசைக்குச் சுமார் 37 மரங்களின் சராசரி கிடைக்கும். ஆர்-இன் ரேண்டம்ஃபாரஸ்ட் தொகுப்பில் ஒரு பள்ளம் இருக்கிறது: கணிப்புக் கட்டளையில் புது டேட்டா எதுவும் தராவிட்டால் அவுட்-ஆஃப்-பேக் கணிப்பு வரும்; அதே பழக்கிய டேட்டாவைப் புது டேட்டா என்று தந்தால் ஒப்பிக்கும் கணிப்பு வரும். இரண்டும் ஒரே வரிசைகள்தாம், எண்கள்தாம் வேறு.

ஒரு மரத்தோட இலையில மூணு வரிசை, இன்னொரு மரத்துல ஒரே வரிசை. ரெண்டுக்கும் சம மரியாதையா?

ஆமாம், மரத்துக்கு ஒரு வாக்கு; இலையில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று காடு கேட்பதில்லை. முதல் மரத்தின் இலையில் ஒரே வரிசை, விலை 4.0. இரண்டாவது மரத்தின் இலையில் மூன்று வரிசைகள்: 2.0, 2.2, 2.4; சராசரி 2.2. காட்டின் பதில் 4.0, 2.2 இரண்டின் சராசரி, 3.1. நான்கு வரிசைகளையும் ஒரே குவியலாகக் கொட்டிச் சராசரி எடுத்தால் 2.65. இந்த வித்தியாசம்தான் முன்பு சொன்ன இரண்டு படிச் சராசரி.

இதை இன்னொரு கோணத்தில் பார்த்தால் காடே வேறு மாதிரித் தெரியும். 4.0 என்ற விலைக்கு எடை 1/2. மற்ற மூன்றுக்கும் தலைக்கு 1/6. எல்லா எடைகளும் சேர்ந்தால் 1. அப்படியானால் ரேண்டம் ஃபாரஸ்டின் கணிப்பு என்பது பழக்கிய விலைகளின் எடையிட்ட சராசரிதான். புது வட்டாரத்தோடு பல மரங்களில் ஒரே இலையில் சேர்ந்து விழும் பழைய வட்டாரங்களுக்கு எடை அதிகம். யார் அண்டை வீட்டுக்காரர் என்பதை டேட்டாவைப் பார்த்துக் காடே முடிவு செய்கிறது. லின், ஜியோன் இருவரும் 2006-இல் இந்த உறவை விரிவாக எழுதினார்கள். அடுத்த இரண்டு பதில்களும் இதை நம்பியே நிற்கின்றன.

விலை ஜாஸ்தியான இடத்துக்கு எப்பவும் குறைச்சுச் சொல்லுது, கம்மியான இடத்துக்குக் கூட்டிச் சொல்லுது. மரம் கூட்டினாலும் மாறலை. ஏன்?

சராசரி, சிதறலை மட்டும்தான் குறைக்கும். எல்லா மரங்களும் ஒரே பக்கமாகச் சாய்ந்து செய்யும் பிழை இருக்கிறதே, ஆங்கிலப் பாடங்களில் பயஸ் என்று வருவது, அதைச் சராசரி தொடவே தொடாது. எல்லா மரங்களும் ஒரே முறையில் வளர்ந்தவை என்பதால், ஒரு மரத்துக்குச் சராசரியாக எவ்வளவு ஒருபக்கப் பிழையோ அதே அளவுதான் காட்டுக்கும்.

மிக உயர்ந்த விலையுள்ள ஒரு வட்டாரத்துக்கு அண்டையில் யார் இருப்பார்கள்? அதைவிடக் குறைந்த விலைக்காரர்கள்தான், மேலே ஆளே இல்லை. எடைகள் எதிர்மறையாக வராது, கூடினால் 1. எனவே கணிப்பு உள்நோக்கித்தான் இழுபடும். கலிஃபோர்னியா டேட்டாவில் இது இன்னும் தெளிவாகத் தெரியும், ஏனென்றால் விலைகள் 5.00001-இல் வெட்டப்பட்டவை. 965 வட்டாரங்கள் சரியாக அந்த எண்ணில் குவிந்து நிற்கின்றன. காடு 5.00001 என்று சொல்ல வேண்டுமானால் எல்லா மரங்களும் வெட்டுப்பட்ட வட்டாரங்கள் மட்டுமே உள்ள இலையில் அந்த வட்டாரத்தைப் போட வேண்டும். ஒரு மரம் 3.8 என்றாலும் சராசரி இறங்கிவிடும், ஈடுசெய்ய எந்த மரத்தாலும் 5.00001-க்கு மேல் சொல்ல முடியாது. கணிப்புக்கு எதிராக உண்மை விலையை வரைபடத்தில் போட்டால், மேல் விளிம்பில் புள்ளிகள் கோடு கிழித்தாற்போல் வரிசையாக நிற்பதைக் காணலாம்.

கணித்த பிறகு பிழைகளை இன்னொரு காட்டால் கணித்துத் திருத்தும் முறைகள் உண்டு. ஆர் தொகுப்பில் ஒருபக்கப் பிழையைத் திருத்த ஓர் அமைப்பும் உண்டு, ஆனால் அதைச் சோதனை நிலையில் உள்ளது என்றே குறித்திருக்கிறார்கள். திருத்தினால் சிதறல் கூடலாம். டெஸ்ட் டேட்டாவில் ஒப்பிடாமல் நம்பாதீர்கள்.

பவுன் விலைக்கு மாடல் போட்டேன். போன வருஷம் வரைக்கும் அழகா வந்துச்சு, இந்த வருஷத்துக்கு ஒரே நேர்கோடு. ப்ரோகிராம்ல தப்பா?

ப்ரோகிராமில் தப்பு இல்லை. அந்த வரைபடத்தைக் காட்டியவரின் திரை இன்னும் கண்ணில் நிற்கிறது: விலைக் கோடு மலையேறிக்கொண்டே வந்து, பழக்கிய தேதி முடிந்த இடத்தில் மேசைமேல் வைத்த ஸ்கேல் போலப் படுத்துவிட்டது. முந்தைய பதிலின் காரணமேதான். கணிப்பு என்பது பழைய விலைகளின் எடையிட்ட சராசரி; பழைய விலைகளில் மிக அதிகமானதைத் தாண்டி அதனால் போகவே முடியாது. புதுத் தேதிகள் எல்லாம் எல்லா மரங்களிலும் கடைசி இலையிலேயே விழுகின்றன, எனவே ஒரே பதில்.

விலையைக் கணிக்காமல் நேற்றைக்கும் இன்றைக்கும் உள்ள வித்தியாசத்தைக் கணிக்கச் சொல்லுங்கள். அல்லது ஏறுமுகத்தை ஒரு நேர்கோட்டு மாடலிடம் கொடுத்துவிட்டு, அது விட்ட மிச்சத்தை மட்டும் காட்டிடம் கொடுங்கள். இதனால் பவுன் விலையை முன்கூட்டிச் சொல்லிவிடலாம் என்று நான் சொல்லவில்லை. படுத்த கோடு எழுந்து நிற்கும்.

சராசரிக்குப் பதிலா இடைநிலை எடுத்தா என்ன? ஒண்ணு ரெண்டு மரம் கன்னாபின்னான்னு சொன்னாலும் பாதிக்காதே?

நம் ஐந்து எண்களில் இடைநிலை 2.5, உண்மை விலையேதான்! ஆனால் ஓர் எடுத்துக்காட்டை வைத்து ஊர் முடிவெடுக்கக் கூடாது. பிரான்சிஸ் கால்டன் 1907-இல் எழுதிய மாட்டு எடைப் போட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தின் பிளிமத் கண்காட்சியில் 787 பேர் மாட்டின் எடையை ஊகித்தார்கள். அறுத்துச் சுத்தம் செய்த எடை 1,198 பவுண்டு. கால்டன் முன்வைத்த இடைநிலை 1,207, சராசரி 1,197. அங்கே சராசரி வென்றது.

எதை அளக்கப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது இது. வர்க்கப் பிழை உங்கள் அளவுகோல் என்றால் சராசரி; பிழையின் குறி நீக்கிய அளவு என்றால் இடைநிலைக்கு வாய்ப்பு உண்டு. கணிப்புகளைக் கூட்டி மொத்தம் சொல்ல வேண்டியிருந்தால், உதாரணமாக ஒரு நகரத்தின் மொத்த மின்தேவை, இடைநிலையைத் தொடாதீர்கள். விலை, தேவை போன்றவை வலப்பக்கம் வால் நீண்டவை, இடைநிலைகளைக் கூட்டினால் மொத்தம் குறைந்துவிடும். சைக்கிட்-லேர்னில் பிழை அளவுகோலை மாற்றினால் இலைக்குள் இடைநிலை வரும், ஆனால் மரங்களுக்கிடையே அப்போதும் சராசரிதான். இரண்டு படி என்று சொன்னதை மறக்க வேண்டாம்.

நல்ல மரத்துக்கு அதிக வெயிட்டேஜ் கொடுத்தா?

கொடுக்கலாம், பலன் சொற்பம். ஒரே முறையில் வளர்ந்த மரங்களின் தரம் கிட்டத்தட்ட ஒன்றே. அவுட்-ஆஃப்-பேக் பிழையை வைத்து எடை போட்டால் எடைகள் ஏறத்தாழச் சமமாகத்தான் வரும். பழக்கிய டேட்டாவின் பிழையை வைத்து எடை போடுவது தவறு, காரணம் 0.97 கேள்வியில் இருக்கிறது. காட்டையும் வேறு வகை மாடலையும் சேர்க்கும்போதுதான் எடைக்கு அர்த்தம் வருகிறது.

விலையை லாக் எடுத்துப் பழக்கினேன். திருப்பி மாத்தினா எல்லாமே கொஞ்சம் குறைவா வருது. எங்க தப்பு?

லாக்கில் சராசரி எடுத்துத் திருப்பி மாற்றினால் கிடைப்பது கூட்டுச் சராசரி இல்லை, பெருக்குச் சராசரி. இரண்டு மரங்கள் 1.0, 4.0 என்ற விலைகளைக் குறிக்கும் லாக் மதிப்புகளைச் சொன்னால், திருப்பி மாற்றியபின் வருவது 2.0. நேரடிச் சராசரி 2.5. எண்கள் எல்லாம் சமமாக இல்லாதவரை பெருக்குச் சராசரி எப்போதும் குறைவுதான்.

ஒவ்வொரு மரத்தின் பதிலையும் முதலில் விலையாக மாற்றி, பிறகு சராசரி எடுத்தால் பாதிக் குறை தீரும். இலைக்குள் நடந்த சராசரியும் லாக்கில்தான் நடந்தது என்பதால் மீதி அப்படியே இருக்கும். இலை அளவு 1 என்றால் அந்த மீதி ஏறத்தாழ இல்லை. ஃபீச்சர்களை லாக் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் மரங்கள் கவலைப்படுவதில்லை; கணிக்கும் விலை அப்படி இல்லை. விலையை லாக் எடுக்கத் தேவையா என்று முதலில் யோசியுங்கள். விழுக்காட்டுப் பிழை முக்கியம் என்றால் எடுங்கள். பழக்கத்துக்காக எடுக்க வேண்டாம்.

நூறு மரத்தோட பதில்ல திட்டவிலக்கம் எடுத்து, "விலை இதுக்குள்ள இருக்கும்"னு ரிப்போர்ட்ல போடலாமா?

தயவுசெய்து போடாதீர்கள். இலை அளவை 1-இலிருந்து 50 ஆக்கிப் பாருங்கள்: மரங்களின் பதில்கள் நெருங்கி வந்து திட்டவிலக்கம் சுருங்கும். வீடுகளின் விலை அதனால் ஒரே மாதிரி ஆகிவிட்டதா? உங்கள் அமைப்பை மாற்றினால் மாறும் எண்ணை வாடிக்கையாளரிடம் விலையின் எல்லை என்று சொல்ல முடியாது.

இதற்குள் மூன்று வேறு கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. ரேண்டம் சீடை (குலுக்கலைத் தொடங்கி வைக்கும் எண்ணை) மாற்றினால் கணிப்பு எவ்வளவு ஆடும்? அதற்கு அந்தத் திட்டவிலக்கம் உதவும்: மரங்களின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுங்கள். 0.6 என்றால் 100 மரங்களுக்கு 0.06, 400 மரங்களுக்கு 0.03. வேறொரு டேட்டா கிடைத்திருந்தால் கணிப்பு எவ்வளவு மாறியிருக்கும்? அதற்கு வேகர், ஹேஸ்டி, எஃப்ரான் மூவரும் 2014-இல் ஜாக்நைஃப் (வரிசைகளை ஒவ்வொன்றாக விட்டுவிட்டுப் பார்க்கும்) வழி தந்தார்கள். புது வட்டாரத்தின் விலை எந்த எல்லைக்குள் விழும்? உங்கள் ரிப்போர்ட்டுக்கு வேண்டியது இதுதான். நிகோலாய் மைன்ஷவுசன் 2006-இல் தந்த குவாண்டைல் காடு இதற்கானது. இலையின் சராசரியை மட்டும் வைத்துக்கொண்டு மீதியைத் தூக்கியெறியாமல், இலையிலுள்ள எல்லா விலைகளையும் எடைகளோடு வைத்துக்கொள்ளும். அதிலிருந்து 5 விழுக்காடு, 95 விழுக்காடு இடங்களை எடுத்துக்கொள்ளலாம். ஆர்-இன் ரேஞ்சர் தொகுப்பில் இந்த வசதி இருக்கிறது.

பூஸ்டிங்லயும் நூறு மரம்தானே, அங்கேயும் இதே சராசரியா?

இல்லை. பூஸ்டிங் மரங்களை ஒன்றன்பின் ஒன்றாக வளர்க்கும் வேறு முறை, அங்கே கூட்டல். ஒவ்வொரு மரமும் முந்தைய மரங்கள் விட்ட பிழையைப் பிடிக்க வளர்வதால், ஒற்றை மரத்தின் பதிலுக்குத் தனியே பொருள் கிடையாது. அதனால்தான் அங்கே மரம் கூடினால் ஓவர்ஃபிட் ஆகும், இங்கே ஆகாது.

ரெண்டு மெஷின்ல தனித்தனியா ஓட்டினோம். என்கிட்ட 300 மரம், அவர்கிட்ட 100. ரெண்டு கணிப்பையும் கூட்டி ரெண்டால வகுத்தா போதுமா?

போதாது. அப்படி வகுத்தால் அவருடைய ஒரு மரத்துக்கு உங்கள் மூன்று மரங்களின் வாக்கு கிடைத்துவிடும். உங்கள் கணிப்பை 3-ஆல் பெருக்கி, அவருடையதைக் கூட்டி, 4-ஆல் வகுங்கள். 400 மரக் காட்டின் கணிப்பு அதுதான். உங்களுடையது 2.4, அவருடையது 2.8 என்றால் விடை 2.5.

ஓட்டுவதற்கு முன் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள்: இரண்டு மெஷினிலும் ரேண்டம் சீட் ஒரே எண்ணாக இருந்தால் அவருடைய 100 மரங்களும் உங்கள் 300-இல் உள்ள மரங்களின் நகலாகவே இருக்கக்கூடும். நகல் மரங்களின் ஒட்டுறவு 1, அவற்றால் சிதறல் துளியும் குறையாது.